சிகரெட் வரியை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்

2023 பட்ஜெட்டில், சிகரெட் மீதான பல வரிகளில் ஒன்றான தேசியப் பேரிடர் தீர்வையை ஏறக்குறைய 16 சதவீதம் கூட்டினார்கள். பெரிய உயர்வு என்றுதான் செய்தி படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். இந்தத் தீர்வை ஆயிரம் சிகரெட்டுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் போடப்படுவது. 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஃபில்டர் சிகரெட்டுக்கு 440 ரூபாயாக இருந்தது 510 ஆனது. கிங் சைஸுக்கு 735-இலிருந்து 850. ஆயிரத்தால் வகுத்தால், சின்ன சிகரெட் ஒன்றுக்கு 7 பைசாவும் பெரிய சிகரெட் ஒன்றுக்குப் பதினொன்றரைப் பைசாவும் கூடியிருக்கிறது. 7 பைசாவுக்காக யாரும் புகைப்பதைக் குறைக்க மாட்டார்கள்.

புகையிலை வரிச் செய்தி எதைப் படித்தாலும் முதலில் இந்த வகுத்தலைச் செய்துவிட வேண்டும். சதவீதம் எதன் மேல் ஏறுகிறது என்று தெரியாத வரை அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. விலை ஏறினால் புகைப்பது குறையும் என்பது உலகம் முழுக்க நிறுவப்பட்ட உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்தியாவில் மக்கள் பாக்கெட்டாக வாங்குவதில்லை, ஒற்றையாக வாங்குகிறார்கள். சிகரெட்டுக்குப் பக்கத்திலேயே பீடி இருக்கிறது. வரியோ சிகரெட்டின் நீளத்தை அளந்து போடப்படுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் விலையின் விளைவைப் பேச முடியாது.

முதலில் நாட்டு நிலவரம். இதற்கு நம்மிடம் உள்ள நல்ல அளவுகோல், உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு. கேட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தியாவில் 2009-10, 2016-17 ஆகிய இரு சுற்றுகளின் முடிவுகளை ஒப்பிட்டுப் பேசுவதுதான் வழக்கம். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் முதல் சுற்றில் 34.6 சதவீதம், இரண்டாம் சுற்றில் 28.6 சதவீதம். புகைப்பவர்களை மட்டும் எடுத்தால் 14 சதவீதத்திலிருந்து 10.7 சதவீதம். 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடையே புகையிலைப் பழக்கம் 9.6-இலிருந்து 4.4 சதவீதமாகப் பாதிக்கும் கீழே இறங்கியது. எனக்கு இந்தக் கணக்கெடுப்பிலேயே மிக முக்கியமான எண் இதுதான். அந்த வயதில் தொடங்காதவர் பிறகு தொடங்கும் வாய்ப்பு குறைகிறது.

சதவீதம் குறைந்தால் ஆட்களின் எண்ணிக்கையும் அதே அளவு குறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மக்கள்தொகை வளரும் நாட்டில் இரண்டும் வேறு வேறு வேகத்தில் போகும். கேட்ஸ் கணக்குப்படி புகைப்பவர்கள் 11 கோடி சொச்சத்திலிருந்து 10 கோடிக்குச் சற்றுக் கீழே வந்தார்கள். சதவீதத்தில் ஏறக்குறைய கால்பங்கு இறக்கம், ஆட்களின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு. வேறு கணக்கெடுப்புகளைக் கொண்டு 1998 முதல் 2015 வரை பார்த்த ஓர் ஆய்வு, புகைக்கும் ஆண்கள் 7.9 கோடியிலிருந்து 10.8 கோடியாகக் கூடினார்கள் என்றே மதிப்பிட்டது. எந்தக் கணக்கெடுப்பு, எந்த வயது, எந்த ஆண்டுகள் என்று பார்க்காமல் ‘கூடியது’, ‘குறைந்தது’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இனி சிகரெட்டையும் பீடியையும் பிரித்துப் பார்ப்போம். சிகரெட் பிடிப்பவர்கள் 5.7-இலிருந்து 4 சதவீதம் ஆனார்கள். பீடி பிடிப்பவர்கள் 9.2-இலிருந்து 7.7 சதவீதம். அதாவது சிகரெட்டில் பத்துக்கு மூன்று பேர் குறைந்தார்கள், பீடியில் ஆறுக்கு ஒருவர். இரண்டு சுற்றுகளுக்கும் இடையில் சிகரெட்டுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2014 ஜூலை பட்ஜெட்டில் கலால் வரி நீளத்துக்கு ஏற்ப 11 முதல் 72 சதவீதம் வரை ஏறியது. அந்த 72, குட்டையான ரகத்துக்கு. 2015-இல் குட்டை ரகத்துக்கு 25 சதவீதம், மற்றவற்றுக்கு 15. 2016-இல் மீண்டும் 10 முதல் 15. பீடிக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குள் தயாரிப்பவருக்குக் கையால் சுற்றும் பீடியில் அப்போது கலால் வரியே கிடையாது. பெரிய வியாபாரத்தைச் சிறு சிறு பெயர்களில் பிரித்து வைத்துக்கொள்ள இதைவிட வசதியான விதி இருக்க முடியாது.

எல்லாப் புகழையும் வரிக்கே கொடுக்கவும் முடியாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. 2016 ஏப்ரலில் பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் புகையிலைப் பயன்பாடு மொத்தமாக இதே காலத்தில் 16.2-இலிருந்து 20 சதவீதமாகக் கூடியிருக்கிறது. நாடு முழுவதும் இறங்கும்போது இங்கே ஏறியிருக்கிறது. விலை ஒரு வலுவான நெம்புகோல்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் கடை இருக்கிறதா, சட்டத்தை யாராவது அமல்படுத்துகிறார்களா என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

விலைக்கும் நுகர்வுக்கும் உள்ள கணக்கு இது. நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு சுமார் 5 சதவீதம் இறங்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் சராசரி. ஏழைகளிடமும் இளைஞர்களிடமும் இறக்கம் இன்னும் அதிகம். அரசுக்கு இதில் நஷ்டமும் இல்லை. ஒரு சிகரெட் 10 ரூபாய், அதில் வரி 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரியை ஒரு ரூபாய் கூட்டினால் விலை 11. நூறு சிகரெட் விற்ற இடத்தில் 95 விற்கும். முன்பு 500 ரூபாய் வரி வந்தது. இப்போது 95-ஐ 6-ஆல் பெருக்கினால் 570. புகை குறைந்து வருமானமும் கூடுகிறது. வரி ஏற்றினால் கஜானா காலியாகும் என்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும்.

இந்தியத் தரவுகளில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. விலைக்கு அதிகம் அசைவது பீடிதான்; விலை ஏறும் விகிதத்துக்கு ஏறக்குறைய அதே அளவில் நுகர்வு இறங்குகிறது. சிகரெட் மிகக் குறைவாக அசைகிறது. பீடி வாங்குபவர் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிப்பவர், ஒரு ரூபாய் ஏறினாலும் உடனே உணர்பவர் என்பதே காரணம். வரி எங்கே வேலை செய்யுமோ அங்கேதான் நாம் வரியைக் குறைவாக வைத்திருக்கிறோம்.

இப்போது பெட்டிக்கடைக்கு வருவோம். 2016-17 கேட்ஸில், சிகரெட் பிடிப்பவர்களில் 68 சதவீதம் பேர் கடைசியாக வாங்கியது உதிரி சிகரெட். பீடியில் அது 17 சதவீதம்தான். பீடியைக் கட்டாகத்தான் வாங்குகிறார்கள். உதிரி விற்பனையில் பாக்கெட்டின் விலை நேராக வாங்குபவரிடம் போய்ச் சேராது. நடுவில் சில்லறை இருக்கிறது. பத்து அடங்கிய பாக்கெட்டின் அச்சிட்ட விலை 95 ரூபாய் என்றால் ஒன்று ஒன்பதரை ரூபாய். கடைக்காரர் பத்து ரூபாய்க்குக் கொடுப்பார். வரி ஏறிப் பாக்கெட் 98 ஆனாலும் அதே பத்து ரூபாய்தான். கடைக்காரருக்கு ஒற்றைக்கு 50 பைசா கூடுதலாகக் கிடைத்தது 20 பைசாவாகும். வாங்குபவருக்கு எதுவுமே தெரியாது. பாக்கெட் 102 ஆகிற அன்று ஒற்றை விலை 11-க்கோ 12-க்கோ தாவும். வரி ஏறியது ஒற்றைக்கு 40 பைசா, வாங்குபவர் கொடுப்பதோ ஒரு ரூபாய் அல்லது இரண்டு ரூபாய் கூடுதல். (பாக்கெட்டில் அச்சிட்ட விலைதான் உச்சம், ஒற்றையாகக் கொடுக்கும்போது அதைக் கேட்பார் இல்லை.)

இதிலிருந்து தெரிவது: ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பைசா, இருபது பைசா என்று ஏற்றினால் அது கடைக்காரரின் சில்லறை இடைவெளியிலேயே கரைந்துவிடும். ஒற்றை சிகரெட்டின் விலை அடுத்த முழு ரூபாயைத் தாண்டுகிற அளவுக்கு ஒரே தடவையில் ஏற்ற வேண்டும். பட்ஜெட் தயாரிப்பவர்கள் ஆயிரம் சிகரெட்டுக்கு என்று யோசிக்கிறார்கள். வாங்குபவர் கையில் இருக்கும் பத்து ரூபாய்க் காசை வைத்து யோசிக்கிறார்.

உதிரி விற்பனையில் வேறு கேடுகளும் உண்டு. 85 சதவீத எச்சரிக்கைப் படம் பாக்கெட்டில் இருக்கிறது. வாங்குபவர் கையில் வருவது வெறும் சிகரெட். பாக்கெட் எச்சரிக்கையால் சிகரெட்காரர்களில் 62 சதவீதம் பேர் விட்டுவிடலாம் என்று நினைத்ததாக அதே கேட்ஸ் சொல்கிறது. பதினைந்து வயதுப் பையனிடம் பாக்கெட்டுக்குப் பணம் இருக்காது, ஒற்றைக்கு இருக்கும். பற்றவைக்கக் கயிற்றில் லைட்டரும் தொங்குகிறது. மகாராஷ்டிரம் 2020-இல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. நாடு முழுவதற்கும் இதைக் கொண்டுவராமல் வரியை மட்டும் ஏற்றுவது பாதி வேலைதான்.

அடுத்தது நீளம். இந்தியாவில் சிகரெட் வரியின் படிகள் 65, 70, 75 மில்லிமீட்டர் என்று போகும். 65-க்குள் ஃபில்டர் சிகரெட்டுக்கு 2012 பட்ஜெட்டில் தனிப் படி வந்ததும் நிறுவனங்கள் 64 மில்லிமீட்டரில் சிகரெட் இறக்கின. 70-க்குள் இருப்பவை 69 மில்லிமீட்டர். கிங் சைஸ் 84. ஒரு மில்லிமீட்டர் குறைவதால் உடம்புக்கு எதுவும் மாறாது, வரி மாறும். பெரிய சிகரெட்டுக்கு வரி ஏறினால் பிடிப்பவர் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு படி இறங்கிக் குட்டை சிகரெட்டுக்கு வருகிறார். நிறுவனமும் அதே பெயரில் குட்டை ரகம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறது. விலையைக் கூட்டுவதிலும் அவர்களுக்கு ஒரு முறை உண்டு: விலை உயர்ந்த ரகத்தில் வரியைவிட அதிகமாக ஏற்றுவார்கள், மலிவான ரகத்தில் வரியின் ஒரு பகுதியைத் தாங்களே தாங்கிக்கொண்டு மெதுவாக ஏற்றுவார்கள். புதிதாகத் தொடங்கும் பையன் மலிவான வாசலில்தான் நுழைகிறான். அந்த வாசலை அவர்கள் மூட விடுவதில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீத வரியும் அதன் மேல் இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரியும் வந்தன. அதே மாதத்தில் செஸ்ஸை ஆயிரத்துக்கு 485 முதல் 792 ரூபாய் வரை கூட்டினார்கள். கிங் சைஸுக்கு 36 சதவீதத்தோடு ஆயிரத்துக்கு 4,170 ரூபாய். 65-க்கு உட்பட்டதற்கு 5 சதவீதத்தோடு 2,076. அதற்குப் பிறகு இந்த ரூபாய்த் தொகை எட்டு ஆண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியது என்று வைத்தால்கூட எட்டு ஆண்டில் அந்த 4,170 ரூபாயின் மதிப்பு பழைய காசில் 2,820 ரூபாய் அளவுக்குத் தேய்ந்துவிடும். ரூபாயில் நிர்ணயிக்கும் வரிக்கு இதுதான் பெரிய பலவீனம். ஆண்டுதோறும் விலைவாசியோடும் வருமானத்தோடும் சேர்த்து ஏற்றாவிட்டால் அது தானாகவே இறங்கும் வரி. சில நாடுகள் இதற்காகவே சட்டத்தில் தானியங்கி உயர்வை எழுதி வைத்திருக்கின்றன.

‘விலைதான் ஏறிக்கொண்டே இருக்கிறதே’ என்பவர்களுக்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2,000 சிகரெட் வாங்க, ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தில் எத்தனை சதவீதம் தேவை என்று ஆண்டுவாரியாகக் கணக்கிடுங்கள். அந்தச் சதவீதம் இறங்கினால், விலைச்சீட்டில் எண் ஏறியிருந்தாலும் சிகரெட் மலிவாகியிருக்கிறது என்றே பொருள். கூலி 8 சதவீதம் ஏறும் ஆண்டில் சிகரெட் 4 சதவீதம் ஏறினால் யாரும் குறைக்க மாட்டார்கள்.

பீடிக்கு ஜிஎஸ்டியில் 28 சதவீதம் போட்டார்கள், செஸ் போடவில்லை. 128-இல் 28 என்பது கடை விலையில் 22 சதவீதம். சிகரெட்டில் இந்தப் பங்கு 53 சதவீதத்தை ஒட்டி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 75. இதன் விளைவு செலவில் தெரியும்: 2016-17-இல் சிகரெட்காரர் மாதம் சராசரியாக 1,192 ரூபாய் செலவழித்தார், பீடிக்காரர் 284. அந்த இடைவெளி ஒரு பள்ளம். சிகரெட் வரியை ஏற்றும்போது ஒரு பகுதியினர் அதில் இறங்கிவிடுகிறார்கள்.

பீடி லேசானது, இயற்கையானது என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பீடியில் இருக்கும் தூள், சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் சுற்றியிருக்கும் தெண்டு இலையில் காகிதத்தைப் போலக் காற்று புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுத்தாக வேண்டும். அதனால் நுரையீரலுக்குப் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சமம், பல அளவீடுகளில் அதிகம். பீடியால் வரும் நோய்களின் செலவு 2017-இல் ஆண்டுக்குச் சுமார் 80,000 கோடி ரூபாய் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள்.

பீடி வரியை ஏற்றாததற்குச் சொல்லும் காரணம் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் அந்த வேலை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்த முதுகு, மூச்சில் தூள். அந்தக் கூலியை வரி தீர்மானிப்பதில்லை. கூலி தனியாகப் பேசி முடிவாவது. வரிச் சலுகையில் மிச்சமாகும் பணம் அந்தக் கூலிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்தப் பெண்களுக்கு உதவ வேண்டும் என்றால் வரி வருமானத்தில் ஒரு பங்கை மாற்றுத் தொழிலுக்கும் ஓய்வூதியத்துக்கும் ஒதுக்கலாம். பீடியை மலிவாக வைத்திருப்பது அவர்களுடைய கணவர்களுக்குச் செய்யும் கேடு.

அதனால்தான் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவில் ஒரு பாதி எனக்கு வருத்தம் தருகிறது. சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றவர்கள், பீடியை 28-இலிருந்து 18-க்கும் பீடி இலையை 18-இலிருந்து 5-க்கும் இறக்கினார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு செஸ் போய், 40 சதவீத ஜிஎஸ்டியும் ஆயிரத்துக்கு 2,050 முதல் 8,500 ரூபாய் வரை புதிய கலால் வரியும் வந்தன. பீடியில் வரியின் பங்கு இப்போது 118-இல் 18, அதாவது 15 சதவீதம். சிகரெட்டில் மிகக் குட்டையானதற்கும் மிக நீளமானதற்கும் இடையே கலால் வரியில் மட்டும் ஒற்றைக்கு ஆறே கால் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். முன்பு நீளமானதற்கு 36 சதவீத செஸ்ஸும் இருந்ததால் இந்த இடைவெளி முழுக்கப் புதியதல்ல. ஆனாலும் கிங் சைஸிலிருந்து 64-க்கும், 64-இலிருந்து பீடிக்கும் இறங்கும் படிகள் இரண்டும் வழுக்கலாகவே இருக்கின்றன. சிகரெட் விற்பனை குறைந்தது என்று மட்டும் செய்தி வந்தால் மகிழ வேண்டாம். 64-இன் பங்கும் பீடி விற்பனையும் என்ன ஆயின என்று கேளுங்கள்.

ஒவ்வொரு வரி உயர்விலும் கள்ளச் சிகரெட் பேச்சு எழும். கடத்தல் இருக்கிறது, எச்சரிக்கைப் படமும் அச்சிட்ட விலையும் இல்லாத பாக்கெட் என்றால் அதுதான். சந்தையில் கால்பங்கு கள்ளச் சரக்கு என்று தொழில்துறை சொல்லும். காலிப் பாக்கெட்டுகளைச் சேகரித்து எண்ணிய தனி ஆய்வுகள் அதைவிட மிகக் குறைவான பங்கையே கண்டன. கடத்தலுக்கு மருந்து துறைமுகச் சோதனையும் பாக்கெட்டில் தடம் காணும் குறியீடும், வரியைக் குறைப்பதல்ல.

விலை ஏறியதும் பலர் செய்வது எண்ணிக்கையைக் குறைப்பது. பத்திலிருந்து ஆறு. இதில் ஒரு சிக்கல் உண்டு: குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழமாக, அடிவரை இழுப்பார், நிகோடின் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாளுக்கு ஒன்றே பிடிப்பவருக்கும் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே குறைப்பதை நிறுத்துவதற்கான படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி ஒன்றைக் குறித்து, அன்று முழுதாக நிறுத்துவதே நல்லது.

புகைப்பதை நிறுத்த நிகோடின் சூயிங்கம் எடுப்பவர்கள், எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் 4 மில்லிகிராம், மற்றவர் 2 மில்லிகிராம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பலருக்கு இது பலன் தராமல் போவது மெல்லும் முறை தெரியாததால். சாதாரண மிட்டாய்ப் பசை போல வேகமாக மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மிளகு போலக் காரம் ஏறும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம்; அரை மணி நேரம் இப்படி. கால்மணி நேரம் முன்பிருந்தே காபி, எலுமிச்சைச் சாறு வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஒற்றையாக வாங்குபவர் கண்ணில் அது படாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.